பூச்சோங் வீட்டுக் கோளாறு

துண்டைக் கதவின் மேல் ஏன் போட்டார் என்ற கேள்வியில்தான் அன்றைய சண்டை ஆரம்பித்தது. அப்போது காலைத் தேநீர் நேரம். இப்போது சோறு வெந்து இறக்கியாகிவிட்டது. சண்டை மட்டும் இன்னும் இறங்கவில்லை.

"ஈரத் துண்டைக் கதவு மேல போட்டா பலகை ஊறிடும்னு எத்தன தடவ சொல்றது?" என்றாள் புஷ்பவல்லி.

"கதவு என்ன உளுந்தா, ஊறுறதுக்கு?" என்றார் தம்புசாமி.

"உங்க வீட்டுல யாருக்குமே எதை எங்க வைக்கணும்னு தெரியாது. கல்யாணத்தன்னிக்கே பார்த்தேனே! எங்க சித்தப்பா ஜெஞ்சாரோம்லேருந்து பஸ் மாறி பஸ் மாறி வந்தாரு. அவருக்கு ஒரு நாற்காலி போட்டீங்களா? அரிசி மூட்டை மேல உக்காந்து சாப்பிட்டாரு மனுஷன்!"

பதில் சொல்ல வாயைத் திறந்த தம்புசாமி அப்படியே நின்றுவிட்டார். கோபத்தால் அல்ல, வியப்பால். துண்டில் கிளம்பிய பேச்சு முப்பத்தோரு வருடம் பின்னால் போய் ஓர் அரிசி மூட்டையின் முன் நிற்கிறது. எந்த இடத்தில் தடம் மாறியது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனைக்கும் தடங்கள் எங்கே மாறுகின்றன என்று பார்த்துக்கொள்வதுதான் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை.

ரயில்வேயின் சிக்னல் பிரிவில் ஃபிட்டராகச் சேர்ந்து, இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர் அவர். மூன்று மாதங்களுக்கு முன் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பூச்சோங்கில் செம்மண்ணைச் சமப்படுத்திப் புதிதாக எழுப்பிய தாமான் குடியிருப்பில், வரிசை வீடுகளில் ஒன்றுக்குக் குடி வந்திருந்தார். ஒரே மகள் செண்பகம் கல்யாணமாகிக் கிள்ளானில் இருக்கிறாள். இந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

இந்த வீட்டை அவர் வாங்கியதே அதன் அமைதிக்காக. வீடு பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அந்த அமைதியைக் கூடுதலாகக் கிடைத்த ஓர் அறையைப்போலச் சுற்றிக் காட்டினார். "சும்மா நில்லுங்க. கேட்டீங்களா? ஒண்ணுமே கேக்கல, இல்ல?" என்று பெருமையாகச் சிரிப்பார்.

அவர் பட்ட பாடு அப்படி. பிரிக்பீல்ட்ஸில் அவர்களுடைய பின்வேலிக்கு அந்தப் பக்கம்தான் தண்டவாளம். கிள்ளான் டிரெயின் போகும். எண்ணெய் டாங்கிகளை இழுத்துக்கொண்டு கூட்ஸ் போகும். எதுவும் போகாத நேரத்தில் பெட்டிகளைக் கோத்துக் கோத்து இடித்துக்கொண்டிருப்பார்கள். தட்டு நடுங்கும், சாமி படம் சாயும், பேச்சு அந்தரத்தில் நிற்கும். அந்த வரிசை வீடுகளில் எல்லாருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. ரயில் வந்தால் உள்ளங்கையை உயர்த்திக் காட்டிவிட்டுச் சும்மா இருப்பார்கள். போன பிறகு பேச்சைத் தொடர வேண்டும். ஆனால் என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்பது பாதி நேரம் மறந்திருக்கும். மெர்டேக்கா அரங்கத்தில் நடந்த எத்தனையோ பந்து விளையாட்டுகளைத் தம்புசாமி ரேடியோவில் கேட்டிருக்கிறார். கோல் அடித்தது யார் என்று ஒரு தடவைகூட அவருக்குத் தெரிந்ததில்லை.

அப்பேர்ப்பட்ட இடத்தில், முப்பது வருடம், அவரும் புஷ்பவல்லியும் சண்டை போட்டதே இல்லை. அந்த வரிசையில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் முதல் அட்சதை இவர்கள் கையால்தான் விழும். "தம்புசாமி அண்ணன் வீடு மாதிரி இருங்க" என்று வாழ்த்துவார்கள். காலி செய்துகொண்டு கிளம்பிய அன்று குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லாரும் சேர்ந்து, சிவப்பு நாடா கட்டிய பெட்டியில் ஒரு பிளெண்டர் வாங்கிக் கொடுத்துக் கண் கலங்கினார்கள். சில வருடங்களாகவே ஓய்வு பெற்றுப் போகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்கள் பிளெண்டர்தான் கொடுத்து வந்தார்கள். ஏன் எப்போதும் பிளெண்டர், ஒரு தடவையாவது சுவர்க்கடிகாரம் கொடுக்கக் கூடாதா என்று தம்புசாமி யோசித்ததுண்டு. கேட்டதில்லை. பங்குப் பணம் கொடுத்து வந்த புஷ்பவல்லியும் கேட்டதில்லை.

இப்போது அந்த முன்மாதிரித் தம்பதிதான் ஒரு துண்டுக்காகக் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தது.

புஷ்பவல்லிக்கே களைத்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தாள். குரல் தணிந்தது.

"இது நாம இல்லீங்க. நாம இப்படி இருந்தவங்களே இல்ல. இந்த வீட்டுல என்னமோ கோளாறு இருக்கு."

"நானும் அதத்தான் யோசிக்கிறேன்."

"யோசிச்சது போதும். கண்டுபிடிங்க. நீங்க பெரிய இன்ஸ்பெக்டர்தானே? ஞாயித்துக்கிழமை செண்பகமும் மாப்பிள்ளையும் வர்றாங்க. அதுக்குள்ள கண்டுபிடிக்கலன்னா நான் அவங்ககூட கிள்ளான் போயிடறேன்."

"எப்ப திரும்பி வருவ?"

"துணியெல்லாம் எடுத்துக்கிட்டுத்தான் போறேன்."

அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனால் அவருக்குப் புரிந்தது. நெஞ்சுக்குள் எங்கோ ஒரு கம்பி அறுந்ததுபோல இருந்தது.

கோளாறு கண்டுபிடிப்பதில் ஒரு முறை இருக்கிறது. தம்புசாமிக்கு அந்த முறையின் மேல் அலாதிப் பக்தி. மைல் கணக்கில் ஒரு கம்பி போகிறது, எங்கோ ஓரிடத்தில் மின்சாரம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வேலைக்கு வந்தவன் ஒரு முனையில் ஆரம்பித்து, நடந்துகொண்டே, ஒவ்வோர் இடமாகப் பார்ப்பான். விஷயம் தெரிந்தவன் நேரே நடுவில் போய் நிற்பான். அங்கே மின்சாரம் இருந்தால் முன்பாதியில் குற்றமில்லை, அதை மறந்துவிடலாம். மிச்சமுள்ள பாதியின் நடுவுக்குப் போக வேண்டும். அப்புறம் அதில் பாதி. இப்படிப் பாதி பாதியாக உலகமே சுருங்கிச் சுருங்கி, கடைசியில் துருப்பிடித்த ஒரே ஒரு திருகாணி உள்ளங்கையில் வந்து உட்காரும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நேரத்தில் தம்புசாமிக்கு உடம்பு சிலிர்க்கும்.

அதே முறையை இங்கேயும் வைத்துப் பார்த்தார். வாழ்க்கையில் இரண்டு விஷயங்கள் மாறியிருக்கின்றன. ஒன்று, வேலை நின்றது. இன்னொன்று, வீடு மாறியது. கோளாறு எந்தப் பாதியில்? பென்ஷனுக்கு முன்னால் மிச்சமிருந்த லீவை எடுத்துக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் பகல் முழுக்கச் சும்மாதானே உட்கார்ந்திருந்தார்? அப்போது சண்டை இல்லை. ஆகவே, வேலை நின்றது காரணம் இல்லை.

அவர் அடுப்படிக்கு ஓடினார்.

"புஷ்பம்! பாதி கண்டுபிடிச்சிட்டேன். நான் ரிடையர் ஆனது காரணம் இல்ல."

"அப்ப எது காரணம்?"

"இந்த வீடு!"

"அதத்தானே நான் முதல்லயே சொன்னேன்!"

யார் முதலில் சொன்னது என்ற அந்தச் சண்டை சாயங்காலம் வரை நடந்தது.

மறுநாள் காப்பிக் கடை வாசலிலிருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து மாப்பிள்ளை விஜயனைக் கூப்பிட்டார். விஜயன் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற வேலை பார்ப்பவன். வாரப் பத்திரிகைகளில் வருகிற மருத்துவப் பக்கத்தைக் கத்தரித்து வைப்பவனும்கூட.

"மாமா, இது ஸ்ட்ரெஸ்," என்றான். "போன வாரம்தான் படிச்சேன். வேலைய விட்டா இத்தன பாயிண்ட், வீடு மாறினா இத்தன பாயிண்ட், மக கட்டிக்கிட்டுப் போனா இத்தன பாயிண்ட்னு போட்டிருக்கான். உங்க ரெண்டு பேருக்கும் கூட்டிப் பார்த்தா, இந்நேரம் நீங்க எங்க வார்டுல படுத்திருக்கணும்."

"அதுக்கு என்ன மருந்து?"

"அமைதிதான் மாமா. நரம்புக்கு அமைதி வேணும். எந்தச் சத்தமும் ஆகாது."

தம்புசாமிக்குப் பளிச்சென்றது. தான் அமைதி என்று நினைத்துக்கொண்டிருந்த வீட்டில் எத்தனை சத்தங்கள்! அன்று முழுக்கக் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு, அறை அறையாகப் போனார். காற்றடித்தால் அறைந்து சாத்திக்கொள்ளும் பின்கதவுக்கு ரப்பர் வைத்தார். கிறீச்சிட்ட மின்விசிறிக்கு எண்ணெய் விட்டார். ஐஸ்பெட்டி உறுமியது, காலுக்கடியில் பழைய டயர்த் துண்டுகளைச் செருகியதும் அடங்கியது. சொட்டிய குழாய்க்கு வாஷர் மாற்றினார். கடைசியில், டிக் டிக் என்றதற்காகச் சுவர்க்கடிகாரத்தையும் நிறுத்திவிட்டார்.

"அந்த பிளெண்டர் பெட்டியிலயே சும்மா கிடக்கே. இன்னிக்கு அதுல தேங்கா அரைச்சுப் பார்க்கவா?" என்று புஷ்பவல்லி கேட்டாள்.

"ஐயையோ, அதை மட்டும் தொடாத! அது போடற சத்தத்துக்கு நரம்பு பிஞ்சிடும்." பெட்டியை எடுத்து, பீரோவின் தலைமேல் ஏற்றி வைத்தார். சிவப்பு நாடாகூட அவிழ்க்கப்படவில்லை.

மறுநாள் வந்த சண்டை மகா தெளிவாக இருந்தது. ஒரு சொல்கூடச் சிந்தவில்லை. கொத்தமல்லி முற்றலா இளசா என்பதில் புறப்பட்டு, செண்பகத்துக்குப் பெயர் வைத்த நாளைக் கடந்து, அவருடைய தங்கைக்குக் கொடுத்துத் திரும்பி வராத பித்தளைக் குத்துவிளக்கைத் தொட்டு, யாருமே இதுவரை போயிராத ஊர்களுக்கெல்லாம் போயிற்று. நடுவில் தம்புசாமி தன்னையும் மறந்து வியந்துகொண்டிருந்தார். இவளுக்குள் இத்தனை தண்டவாளம் போட்டுக் கிடக்கிறதா! பிரிக்பீல்ட்ஸில் கொத்தமல்லிப் பேச்சு கொத்தமல்லியோடு நின்றுவிடுமே!

ஆனால் ஒன்றைக் கவனித்தார். மாலையில் மட்டும் வீடு கொஞ்சம் நன்றாக இருந்தது. அந்த நேரத்தில் புஷ்பவல்லி களைத்துவிடுவாள் என்று ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்துக்கொண்டார்.

மாலை என்றதும்தான் பக்கத்து வீட்டு லிம்மின் ஞாபகம் வந்தது. லிம் இரும்புக் கேட் செய்கிறவர். கடையிலிருந்து வந்ததும் வீட்டு முன்னால் உட்கார்ந்து, இரும்பைத் தேய்க்கிற மெஷினைப் போடுவார். பொறி பறக்கும், காது கிழியும். இத்தனை நாளாக இதை எப்படி விட்டோம்?

தம்புசாமி வேலியோரம் போய்ப் பக்குவமாகச் சொன்னார். லிம் நல்ல மனிதர். உடனே மெஷினை அணைத்தார்.

"சாரி லா, அங்கிள். நாளைக்கு நான் கடையிலயே செய்றேன்," என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். பிறகு தலையைச் சொறிந்தார். "ஆனா, அங்கிள்... மெஷின் இல்லன்னா உங்க வீடு..."

"பரவாயில்ல, பரவாயில்ல! ரொம்ப தேங்க்ஸ்!" என்று தம்புசாமி அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த மாலை அந்தத் தாமானில் ஓர் அற்புதமான நிசப்தம் இறங்கியது. வீட்டுக்குப் பின்னாலிருந்த எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் ஒரு மட்டை விழுந்தால்கூடக் கேட்டது. அந்த நிசப்தத்தில், பூச்சோங் வந்த பிறகு முதன்முறையாக, ஒரு மாலைச் சண்டை நடந்தது. நடுவில் தம்புசாமி மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினார். வேலிக்கு அப்பால் லிம் குடும்பம் முழுவதும் சோற்றுக் கிண்ணங்களோடு அசையாமல் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. தம்புசாமி தன்னிடமிருந்த கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

ஒற்றைத் தடத்தில் இரண்டு பக்கமிருந்தும் ரயில் வரும். மோதாமல் இருப்பது எப்படி? அதற்காகத்தான் டோக்கன் இருக்கிறது. ஒரு பெரிய வளையம், அதில் தொங்குகிற தோல்பை, பைக்குள் ஓர் உலோகத் துண்டு. அது கையில் இருக்கிற டிரைவர்தான் அந்தத் தடத்துக்குள் நுழையலாம். அடுத்த ஸ்டேஷனில் ஒப்படைத்த பிறகுதான் எதிர்ப்பக்கத்து ரயில் புறப்படலாம். எத்தனை எளிமை! ஓர் உலோகத் துண்டை நம்பி அத்தனை உயிர்கள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு போகின்றன. இதைக் கண்டுபிடித்தவனை நினைத்துத் தம்புசாமி பல தடவை மனசுக்குள் கும்பிட்டிருக்கிறார்.

அவர் குழம்புக் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு விளக்கினார்.

"இது யார் கையில இருக்கோ அவங்க மட்டும்தான் பேசலாம். முடிச்சதும் அடுத்த ஆள்கிட்ட குடுத்திடணும். இல்லாதவங்க வாயத் திறக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுது. குடுங்க," என்று புஷ்பவல்லி கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

பேசினாள். புளி கரைத்தபோது பேசினாள், குழம்பு கொதித்தபோது பேசினாள். தாளித்துக் கொட்டிய பிறகும் பேசினாள்.

தம்புசாமி கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"கரண்டிய குடு!"

"உங்ககிட்டதான் கரண்டி இல்லையே, எப்படிப் பேசறீங்க?"

"நீ குடுக்கல, அதான் பேசறேன்!"

"குடுத்துட்டா குழம்ப யாரு கிண்டுவா? உங்க ரயில்வேயா?"

தம்புசாமி ஆத்திரத்தில் அலமாரியைத் திறந்து இன்னொரு கரண்டியை எடுத்துக்கொண்டார். ஒரே தடத்துக்கு இரண்டு டோக்கன். ரயில்வேயில் இதைவிடப் பயங்கரமான ஒன்று கிடையாது. கையில் கரண்டியோடு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் புறப்பட்டார்கள். அதன் பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. குழம்பு கூரை வரை தெறித்திருந்தது என்று சொன்னால் போதும்.

சனிக்கிழமை புஷ்பவல்லி பையை எடுத்துக் கட்டிலில் வைத்துப் புடவைகளை மடிக்கத் தொடங்கினாள். தம்புசாமி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு புடவையும் எந்தத் தீபாவளிக்கு வாங்கியது என்று அவருக்குத் தெரியும். சொல்லத்தான் தெரியவில்லை.

தேடிப் பிடித்து அவளுடைய முழங்கால் தைலப் புட்டியைக் கொண்டுவந்தார். துணியில் கசிந்துவிடக் கூடாதே என்று மூடியை நன்றாக இறுக்கி, பையின் ஓரத்தில் வைத்தார்.

புஷ்பவல்லி அதைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்தது.

"இவ்வளவு இறுக்கி மூடினா நான் அங்க எப்படித் திறப்பேன்?" என்றாள்.

"லூசா மூடினா கசியும்னு..."

"எல்லாத்தையும் நீங்களே முடிவு பண்ணுவீங்க. இந்த வீட்டை வாங்கும்போதும் அப்படித்தான்..."

சண்டை மறுபடி கிளம்பிவிட்டது. இரண்டு பேருக்குமே அது பிடிக்கவில்லை. ஆனால் எப்படி இறங்குவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை விஜயனின் கார் வந்து நின்றது. அவனும் செண்பகமும் இறங்கினார்கள். பின்சீட்டிலிருந்து இன்னொருத்தியும் இறங்கினாள். பவுனம்மாள்! பிரிக்பீல்ட்ஸில் இவர்களோடு ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி. அவள் கணவனுக்கு இன்னும் சர்வீஸ் இருந்ததால் அவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள்.

"புது வீட்டைப் பார்க்கணும்னு சொன்னாங்க. அதான் வர்ற வழியில ஏத்திக்கிட்டோம்," என்றாள் செண்பகம். சொல்லிக்கொண்டே ஹாலில் தயாராக இருந்த பையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது! நெசமாவே கிளம்பிட்டியா?" என்று பதறினாள்.

பவுனம்மாள் வீட்டின் நடுவில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"என்ன அண்ணே, இங்க ஒரு சத்தமும் இல்ல?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போலத் தம்புசாமி எல்லாவற்றையும் சொன்னார். பின்கதவு, மின்விசிறி, ஐஸ்பெட்டி, கடிகாரம், லிம்மின் மெஷின். ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்கப் பவுனம்மாளின் முகம் வெளிறியது. ஒரு குடும்பத்தலைவன் தன் வீட்டுத் தூண்களை ஒவ்வொன்றாக அறுத்த கதையைச் சொல்கிறானே என்று கேட்பவளைப்போல இருந்தாள்.

"இவ்வளவு செஞ்சும் சண்டை நிக்கலயே ஆன்டி!" என்று செண்பகம் அழுகிற குரலில் சொன்னாள். "நான் அங்க பிறந்து வளர்ந்தவ. எங்கம்மா அப்பா சண்டை போட்டு நான் பார்த்ததே இல்ல. உங்களுக்குத் தெரியாதா?"

பவுனம்மாள் பின்பக்க ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"ஆரம்பிக்கிறது அவதான்," என்றார் தம்புசாமி.

"யாரு, நானா? துண்டைக் கதவு மேல போட்டது நானா?"

"துண்டு காயணும்னா..."

"எங்க சித்தப்பாவ அரிசி மூட்டை மேல உக்கார வச்ச ஆளுதானே நீங்க!"

"அத்தை, பிரஷர் ஏறும்! மாமா, மூச்சை இழுத்து விடுங்க!" என்று விஜயன் குறுக்கே பாய்ந்தான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை. சண்டை அவனைத் தாண்டிக்கொண்டு எக்ஸ்பிரஸ் வேகத்தில் போயிற்று.

பவுனம்மாள் செண்பகத்தின் தோளைத் தொட்டாள்.

"நாங்க குடுத்த பிளெண்டர் எங்க?"

"பீரோ மேல இருக்கு ஆன்டி. அப்பா பிரிக்கவே விடல, சத்தம் போடும்னு."

"பிரிக்கவே இல்லையா!" பவுனம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இறக்கு! சீக்கிரம்!"

விஜயன் நாற்காலி போட்டு ஏறி இறக்கினான். சிவப்பு நாடாவைப் பவுனம்மாள் பல்லால் கடித்து அறுத்தாள். அடுப்படி மேசையில் வைத்து, ஜாடியில் தண்ணீரை மட்டும் ஊற்றி, மூடி, பிளக்கைச் செருகி, விசையை அழுத்தினாள்.

வீடு அதிர்ந்தது.

அடுப்பங்கரையில் தட்டுகள் நடுங்கின. சாமி படம் லேசாகச் சாய்ந்தது. ஹாலில், பாதி வார்த்தையில், தம்புசாமியின் உள்ளங்கை தானாக மேலே எழுந்தது. அவர் அதை உயர்த்தவில்லை, அது எழுந்தது. புஷ்பவல்லி வாயை மூடிக்கொண்டாள். அவள் கை தானாகவே முந்தானையைப் பிடித்து மேசையைத் துடைக்கத் தொடங்கியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பின்பக்க ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள், அங்கே ஏதோ கடந்து போகப் போகிறது என்பதைப்போல. செம்பனை மரங்களைத் தவிர அங்கே எதுவும் இல்லை. ஆனாலும் காத்திருந்தார்கள்.

சிக்னல் கம்பத்தின் கை எப்படி வேலை செய்கிறது என்று தம்புசாமி புதுப் பையன்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதை 'போ' என்று காட்டத்தான் ஆள் இழுக்க வேண்டும். கம்பி அறுந்தாலும், ஆளே மயங்கி விழுந்தாலும், எடைக்கல் தன் பாரத்தால் இழுத்து, அந்தக் கையை 'நில்' என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிடும். மனிதன் கைவிட்ட இடத்தில் பாரம் பார்த்துக்கொள்கிறது. இப்போது ஆகாயத்தில் நின்றுகொண்டிருந்த தன் உள்ளங்கையைத் தம்புசாமி வாய் பிளந்து பார்த்தார்.

பவுனம்மாள் விசையை நிறுத்தினாள். நிசப்தம்.

"நான் என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்?" என்றார் தம்புசாமி.

புஷ்பவல்லி யோசித்துப் பார்த்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"தெரியலயே. டீ போடட்டுமா?"

"போடேன். சீனி கம்மியா."

"உங்களுக்கு எப்பவும் கம்மிதானே," என்றவள், வழியில் கிடந்த பையைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, அடுப்படிக்கு நடந்தாள். பாதி வழியில் திடுக்கிட்டு நின்று திரும்பிப் பார்த்தாள். தம்புசாமியும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். துருப்பிடித்த திருகாணி உள்ளங்கைக்கு வந்துவிட்டதுபோல அவர் உடம்பு சிலிர்த்தது.

"ஆனா நாங்க அங்க சண்டையே போட்டதில்லையே, பவுனு..." என்றார் மெல்ல.

பவுனம்மாள் பிளக்கைக் கழற்றி, வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்:

"யாரு சொன்னது? சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டவ நான். தினமும் போட்டீங்க, நாங்களும் போட்டோம், அந்த வரிசையில எல்லாரும் போட்டோம், ஒருத்தரையும் டிரெயின் முடிக்க விடல, அதனாலதான் டிரெயின் இல்லாத ஊருக்குப் போறவங்களுக்கெல்லாம் பிளெண்டர் வாங்கிக் குடுக்கறோம்: சண்டை ஆரம்பிச்சதும் போடுங்க, நின்னதும் டீ குடிங்க."